உங்கள் முறை வராத கசற்

பழைய கசற்றின் பிளாஸ்ரிக் மணம் காலையிலிருந்து குசினியில் நிற்கிறது. உங்களோடு சாக்ஸபோன் வாசித்த வெள்ளைக்காரக் கிழவர், உங்கள் செத்தவீட்டில் அதை என் கையில் வைத்து ஏதோ சொன்னார். "அப்பா இதுக்குள்ளை இருக்கிறாராம்" என்றாள் மகள். போட்டுக் கேட்க ஒரு மெஷின் இன்றைக்குத்தான் கிடைத்தது. நீங்கள் பியானோ வாசித்தது வேறெங்கும் பதிவாகவில்லை. நீங்கள் வாசித்த பார் வாசல் பலகையில்கூட உங்கள் பெயரை ஒருநாளும் எழுதவில்லை.

பயணிகள் கப்பலில் கோப்பை கழுவிய காலத்தில், அங்கிருந்த பியானோக்காரரிடம் பழகியது உங்கள் ஜாஸ் பைத்தியம். அதிலும் தலைதெறிக்க ஓடும் பீபாப்தான் வேண்டும். எங்கள் ஆட்களின் கல்யாணத்தில் சினிமாப் பாட்டுக் கேட்டார்கள். நீங்கள் வாசிக்க, இரண்டாவது வரியிலேயே மெட்டு எங்கேயோ போய்விட்டது.

"அண்ணை, பாட்டு வீட்டுக்குத் திரும்பி வருமோ?"

"சாப்பாட்டுக்கு முன்னம் வந்திடும், தம்பி."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை.

கிழமை முழுக்க ரெக்ஸ்டேல் கிடங்கில் பெட்டி ஏற்றிவிட்டு, சனிக்கிழமைப் பின்னேரம் என்னையும் கூட்டிக்கொண்டு பார்க்டேல் பாருக்குப் போவீர்கள். பஸ்ஸுக்கு நின்ற குளிரில் விரல்கள் விறைத்திருக்கும். "இஞ்சேரும், கொஞ்சம் பிடியும்" என்று நீட்டுவீர்கள். என் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துச் சூடாக்கி அனுப்புவேன்.

எனக்கு இசை தெரியாது. ஒவ்வொருவராக முறை வைத்துத் தனியே வாசிப்பார்கள் என்பது மட்டும் தெரியும். சாக்ஸபோன்காரர் முடித்து வாயைத் துடைத்தால் சனம் கைதட்டும். அடுத்தது உங்கள் முறை. அப்போது பார்த்துத்தான் சனம் கதைக்கத் தொடங்கும்.

"உங்களுக்குக் கோவம் வாறேல்லையோ?"

"நீர் கதைக்காமல் கேக்கிறீர்தானே. அது காணும்."

இன்று கசற்றைப் போட்டோம். சாக்ஸபோன் ஓடியது. அதன் பின்னால் உங்கள் கை பியானோவை இடைக்கிடை தட்டுவது கேட்டது. மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கைதட்டல் வந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். டக் என்று ஒரு சத்தம். பிறகு மறுபடியும் சாக்ஸபோன். வேறொரு நாள், வேறொரு பாட்டு. முடியும் வரை அப்படியேதான். கிழவர் தன் முறையை மட்டும் பதிந்துவிட்டு, உங்கள் முறை வரும்போதெல்லாம் நிற்பாட்டியிருக்கிறார்.

"அம்மா, அப்பா எங்கை?" என்றாள் மகள்.

அவருக்குப் போன் எடுத்தாள். தங்கள் பிழையைக் கேட்டுத் திருத்த அந்த நாளில் எல்லோரும் அப்படித்தான் பதிவார்களாம். பாவம், கிழவர் அழுதாராம். அவரைக் குறை சொல்லி என்ன?

நான் கேட்டால் காணும் என்றீர்களே. அத்தனை வருஷம் கேட்ட எனக்கு இன்று ஒரு துண்டுகூட நினைவில் வரவில்லை. கண்ணை மூடினால் அந்தச் சனம் கதைத்த சத்தம்தான் வருகிறது.

அன்று செத்தவீட்டில், பெட்டிக்குள் கிடந்த உங்கள் கையை, பழக்கத்தில் என் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தேன். மகள் வந்து விலக்கும் வரை தேய்த்தேன். சூடேறவில்லை. அந்தக் குளிர் மட்டும்தான் என் உள்ளங்கையில் மிச்சம்.