இரண்டும் இடது கால்

நவம்பர் 11, 2025
என் கணவர் முஸம்மில் மாரடைப்பில் போய் ஒரு மாதம். கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தா முடியும்வரை நான் வாசல் தாண்டக் கூடாது. ஜன்னலில் தெரிவதுதான் இப்போது எனக்கு ஆம்பூர்.

பெங்களூரில் இன்று என் ஆன்டெனாவைச் சோதனைக் கூடத்தில் ஏற்றியிருப்பார்கள். இரண்டு வருட உழைப்பு. அதன் தட்டில் நான் கணக்குப் போட்டு வைத்த மேடு பள்ளங்கள் இருக்கின்றன. அதனால்தான் செயற்கைக்கோளின் அலை நாட்டின் வடிவத்திலேயே தரையில் விழும். "இன்னா இது, நசுங்கிப் போயிருக்கு? எங்க கம்பெனியில ரிஜெக்ட்ல தள்ளிடுவோம்" என்று ஒருமுறை படத்தைப் பார்த்துக் கிண்டல் செய்தார், ஷூ கம்பெனியில் வேலை பார்த்த முஸம்மில்.

நவம்பர் 13
மேலதிகாரி துரைசாமி சார் போன் செய்தார். கிழக்கே விரிய வேண்டிய அலை மேற்கே விரிகிறதாம். தட்டே தப்பாம். திங்கட்கிழமை நிராகரிக்கப் போகிறார்களாம்.

தட்டு தப்பில்லை! அலை விழும் படத்தை நான் செயற்கைக்கோளிலிருந்து பூமியைப் பார்ப்பதுபோல வரைந்தேன். அவர்கள் எதிரே நின்று தட்டைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். இடம் வலம் மாறிவிட்டது. சொன்னால், நேரில் வந்து காட்டு என்கிறார்கள். எப்படிப் போவேன்?

நவம்பர் 14
தேவைக்குப் பகலில் போகலாம், இரவு வீடு திரும்ப வேண்டும் என்றார் பள்ளிவாசல் ஹஸ்ரத். மாமியார் ஹலீமா பீ சம்மதிக்கவில்லை. மகனை அடக்கிய மண் காயவில்லை, ஊர் என்ன பேசும் என்று அழுதார். நானும் அழுதேன். அவரும் போய், இதுவும் போனால் எனக்கு என்னதான் மிச்சம்?

நவம்பர் 15
அலமாரியிலிருந்து அந்த ஷூ ஜோடியை எடுத்து மாமியார் முன் வைத்தேன். கல்யாணமான புதிதில் முஸம்மில் கம்பெனியிலிருந்து சிரித்துக்கொண்டே கொண்டுவந்தது. புது ஆள் ஒருத்தன் தோலைப் புரட்டிப் போட்டு வெட்டியதில் இரண்டும் இடது கால்.

"அங்கயும் இதான் அம்மீ ஆயிருக்கு. தட்டு நல்லாத்தான் இருக்கு. அவங்க புரட்டிப் பார்த்துட்டாங்க."

மாமியார் ரொம்ப நேரம் அந்த ஷூவைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நானும் கூட வர்றேன். இஷா தொழுகைக்குள்ள திரும்பிடணும்."

நவம்பர் 17
பெங்களூரில் அவர்கள் வரைந்ததை இடம் வலம் திருப்பி என் படத்தின் மேல் வைத்தேன். கோட்டின் மேல் கோடு உட்கார்ந்தது. தட்டு பிழைத்தது. துரைசாமி சார் மன்னிப்புக் கேட்டார்.

திரும்பும்போது வாணியம்பாடி தாண்டியும் அழுகை நிற்கவில்லை. ஜெயித்ததைச் சொல்ல அவர் இல்லை.

பிப்ரவரி 22, 2026
இத்தா முடிந்தது. நோன்பு மாதம் என்று முஸம்மிலின் சட்டை, செருப்பு, ஷூ எல்லாவற்றையும் மாமியார் தானம் கொடுத்தார். வந்தவர்கள் காலில் போட்டுப் பார்த்து எடுத்துப் போனார்கள். அந்த ஒரு ஜோடி மட்டும் யாருக்கும் ஆகவில்லை.

நாளை வேலைக்குத் திரும்புகிறேன். மாமியார் அதைத் துடைத்து, என் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்திருக்கிறார்.