சப் ஆன மகளுக்கு

அன்புள்ள வாத்துக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முதல் நாளே செய்தி வாசித்துக்கொண்டிருக்கிறது, என் முகவாயில் ஒரு பிளாஸ்திரி இருக்கிறது, அதன் கதையைப் பின்னால் சொல்கிறேன். அங்கே நீ நலமா என்று கேட்க வேண்டியதில்லை, உன் கடிதமே சொல்லிவிட்டது. நான்கு பக்கத்துக்குக் குறையாமல் எழுதுகிறவள் இந்தத் தடவை அரைப் பக்கத்தில் முடித்துவிட்டாய். அதிலும் ஒரு வரி உன் கால்பந்துப் பயிற்சியாளருக்கு, 'மூணு வருஷமா ஒரு நாள் விடாம வர்ற, பந்துதான் உன் கால்ல நிக்க மாட்டேங்குது' என்று சொன்னாராம். அடுத்த வரியில், கடைசி ஆட்டத்துக்கு முன்பே அணிச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன், என்ன சொல்கிறீர்கள் அப்பா என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் 'சரிப்பா, சரிப்பா' என்று வைத்துவிடுவாய். கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் நீ எழுதியிருந்தாய், 'அப்பா, நான் டீமில் சப்தான்' என்று. நான் 'சப்'பைப் படித்தேன், 'தான்' என்பதை விட்டுவிட்டேன். அது எவ்வளவு சோகமான 'தான்' என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. நான் வேலை பார்க்கிற அலுவலகத்தில் சப் என்றால் லேசுப்பட்ட ஆளா? பெரிய அதிகாரிக்கு அடுத்தவர், தனி அறை, தனி மின்விசிறி, மேஜைமேல் ஒரு மணி. அந்த மணி அடித்தால் ஓடுகிற கால்கள் என்னுடையவை. ஆக என் மகள் கேப்டனுக்கு அடுத்த பதவியில் உட்கார்ந்துவிட்டாள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அலுவலகம் முழுக்க இனிப்பு கொடுத்தேன். சப் அதிகாரியே எழுந்து நின்று கை கொடுத்து, 'அட, நம்ம ரேங்க்கா!' என்றார். உன் அம்மாவும் சும்மா இருக்கவில்லை, தையல் கம்பெனியில் அவள் வரிசையில் காலர் தைக்கிற அத்தனை பேருக்கும் சொல்லியாயிற்று. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு, எங்களுக்கு எங்கள் வாத்து பொன் வாத்து.

போன ஞாயிற்றுக்கிழமை சலூனுக்குப் போனேன். நம் சலூன்காரர் எந்த ஆட்டத்தையும் விடாமல் பார்க்கிறவர், அவர் கடையில் கண்ணாடியைவிடத் தொலைக்காட்சி பெரிது. முகவாயில் கத்தி இருக்கும்போதா பெருமையடிப்பது? அடித்தேன். அவர் சிரித்தார், கத்தியும் கூடச் சேர்ந்து சிரித்தது, அதுதான் பிளாஸ்திரி. 'சார், சப்னா பதவி இல்ல சார், பெஞ்சுல உக்கார்றவங்க. யாராச்சும் விழுந்தாலோ களைச்சாலோ பதிலுக்கு எறங்குவாங்க' என்றார். ஒரு கன்னம் மழித்து முடிந்து, இன்னொரு கன்னம் நுரையோடு, கழுத்தில் அவர் துண்டோடு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். தெருவில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை, அவ்வளவு அசடு வழிந்திருக்கும் போல.

அம்மா சிரிக்கவில்லை. 'அப்போ எம்பொண்ணு பெஞ்சுல உக்காரத்தான் தினம் விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு ஓடுறாளா?' என்றாள். பிறகு உன் அறைத்தோழி முன்பு அனுப்பிய வீடியோவைத் திறந்தாள், நீ கடைசிப் பதினொரு நிமிடம் இறங்கிய ஆட்டம். முதல் தடவை அதைப் பார்த்தபோது நீ யாரை அதிகாரம் செய்கிறாய் என்றே தேடிக்கொண்டிருந்தோம், அதனால் நீ ஓடியதைச் சரியாகப் பார்க்கவே இல்லை. அதற்குள் சலூன்காரரும் மிச்சக் கன்னத்தை முடிக்கக் கத்தியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். மூன்று பேரும் சமையலறையில் நின்றபடியே பார்த்தோம்.

உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உனக்குக் கால் திறமை கிடையாது, அது எங்களுக்குப் புதுச் செய்தியும் இல்லை. ஒன்றே முக்கால் வயதில்தான் நடந்தாய், நடந்த பிறகும் ஒரு நாள்கூட நிலைப்படியை இடிக்காமல் அறைக்குள் வந்ததில்லை, வாத்து என்ற பெயர் சும்மா வரவில்லை. அந்தப் பதினொரு நிமிடத்தில் பந்து உன்னிடம் நான்கு தடவை வந்தது, மூன்று தடவை கோபித்துக்கொண்டு போய்விட்டது. ஆனால் அம்மா பந்தைப் பார்க்கவே இல்லை, உன்னைத்தான் பார்த்தாள். 'பந்து வராத எடத்துக்கெல்லாம் எதுக்கு இப்படி ஓடுறா?' என்று கேட்டாள். சலூன்காரர் என் மூக்கைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு, மறுபடி ஓட்டச் சொன்னார், மறுபடி, மறுபடி. அப்புறம் சொன்னார், 'அம்மா, அந்த கோல் இருக்கே, அதுக்கு முன்னாடி ஓரமா உங்க பொண்ணு ஓடுறத பாருங்க. எதிர்டீம்ல ரெண்டு பேரு அவ பின்னாடியே போயிட்டாங்க. நடுவுல எடம் காலி. மத்தவ அடிச்சிட்டா.' கோல் விழுந்ததும் எல்லோரும் அடித்தவளைக் கட்டிப்பிடிக்கிறார்கள், நீ ஓரத்தில் குனிந்து முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாய், பிறகு நீயும் ஓடிப் போய்க் கடைசியாகக் கட்டிக்கொள்கிறாய். நீ கோல் அடித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன் வாத்து. பந்து வராது என்று தெரிந்தே நீ ஓடியதைப் பார்த்து அழுதுவிட்டேன். சோப்பு கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன், சலூன்காரர் நம்பவில்லை, சோப்பு போட்டவர் அவர்தானே.

திங்கட்கிழமை அலுவலகத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன், இனிப்பைச் சாப்பிட்டவர்களுக்கு ஒரு கடமை இருக்கிறதல்லவா. சப் அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, என் பணிப் பதிவேட்டை எடுத்து வரச் சொல்லி முதல் பக்கத்தைத் திறந்து காட்டினார். இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய உத்தரவு, 'விடுப்பில் சென்றவருக்குப் பதிலாக, தற்காலிகமாக' என்று இருக்கிறது. மறந்தே போய்விட்டேன். பிறகு நிரந்தரமாக்கினார்கள், அது வேறு. விடுப்பில் போனவர் திரும்பவே இல்லை, பதிலுக்கு வந்தவன் இன்னும் மணியடித்தால் ஓடிக்கொண்டிருக்கிறேன். 'யோவ், இந்த ஆபீஸ்ல மொத சப்பு நீதான்யா' என்றார். அன்று முழுக்க எனக்கு நடையே மாறிவிட்டது.

முடிவு உன்னுடையது, சட்டையும் உன் முதுகில் இருப்பது. ஒன்று மட்டும் தெரிந்துகொள். வெள்ளிக்கிழமை மதியப் பேருந்தில் நாங்கள் கிளம்புகிறோம், அம்மா ஐந்து வருடத்தில் முதல் தடவையாக விடுப்பு கேட்டிருக்கிறாள். சலூன்காரர்தான் தன் போனில் ஆட்டத்துக்கு இடம் பதிவு செய்தார். மைதானத்தின் நடுப்பக்கமா, கோல் பக்கமா, எங்கே நன்றாகத் தெரியும் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது உன் அம்மா, 'அதெல்லாம் வேணாம், எம்பொண்ணு உக்கார்ற பெஞ்சுக்கு நேர் பின்னாடி எடம் இருக்கான்னு பாருங்க' என்றாள். இருந்தது, எடுத்தாயிற்று. பத்து மணி நேரம் பயணம் செய்து நாங்கள் பார்க்க வருவது உன் முதுகைத்தான். அந்தப் பெஞ்சில் நீ இல்லாவிட்டால் வேறு யாருடைய பிள்ளையின் முதுகையோ பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

எங்கள் ஆசி எப்போதும் உன் பின்னால் ஓடி வரும், உன் அளவு வேகம் இல்லாவிட்டாலும். கால் நகங்களை வெட்டு, ஈர ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வை, சட்டையைத் திருப்பிக் கொடுப்பதானால் சனிக்கிழமை ஆட்டம் முடிந்து அழுக்கோடு அம்மாவிடம் கொடு, அவள் துவைத்துத் தருவாள்.

இப்படிக்கு,
இன்னொரு சப்,
உன் அப்பா