நானே நிறுத்திய மாத்திரை

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நலமென்று எழுதத்தான் ஆசை. பொய் எழுதிப் பழக்கமில்லை.

கொலஸ்ட்ரால் இறங்கிவிட்டதால் மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று போன கடிதத்தில் பெருமையடித்திருந்தேன். சென்ற வாரம், நான் வேலை பார்க்கும் இந்த ஊர் அகராதி அலுவலகத்தின் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பெரிதாக ஒன்றுமில்லை, ஓர் அடைப்பு.

"மாத்திரை போட்டதாலதான் குறைஞ்சுதும்மா. யாரு நிறுத்தச் சொன்னா?" என்றார் மருத்துவர்.

"நானேதான். ரெண்டு பட்டம் வாங்கினவ."

அவர் சிரிக்கவில்லை. இனி நெடும்பயணம் கூடாதாம். உங்கள் முழங்காலும் இத்தனை தூரம் வராது. கடைசிக் காலத்தைச் சேர்ந்து கழிக்கும் நினைப்பை இருவருமே விட்டுவிடுவோம்.

என்னைப் பார்த்து நீங்களும் உங்கள் மாத்திரையை நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தீர்கள். நாற்பது ஆண்டுகளில் என் பேச்சைக் கேட்டது இந்த ஒருமுறைதான். அதையும் இதிலா கேட்பது? நாளையே மருத்துவரைப் பார்த்து மறுபடி தொடங்குங்கள்.

படியில் உட்கார்ந்ததில் கண்ணாடி உடைந்துவிட்டது, என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்புங்கள். மருந்துச்சீட்டின் பொடியெழுத்தைப் படித்துச் சொல்ல என் அறையில் வேறு ஆளில்லை.

அலுவலகத்தில் தபால் பையைக் கட்டுகிறார்கள், முடித்துக்கொள்கிறேன். தினமும் மாத்திரை போட்டதும் ஒரு தாளில் தேதியிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மாதக் கடைசியில் அதை அனுப்பினால் போதும். நேரில் வந்து பார்க்க முடியாத எனக்கு, நாள்தோறும் நீங்கள் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள இனி வேறு வழியில்லை.

உங்கள் மனைவி