மூச்சுள்ள வரை செல்லும் பத்திரம்

விருத்தாசலம்
3-6-1968

ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கும் ஆராயிக்கு நீலாவதி எழுதுவது.

என் பெயரைப் பார்த்ததும் கடிதத்தைக் கிழித்துவிடாதே. நம் இருவருக்கும் புருஷனாக இருந்தவர் போய் ஒன்பது வருஷமாகிறது. அன்று அவர் முகத்தைப் பார்க்கக்கூட விடாமல் உன்னைத் தெருவிலேயே நிறுத்தினேன். காரியம் முடிந்த மறுநாள், அவர் உன்னிடம் கொடுத்துவைத்திருந்த ஓட்டல் பத்திரத்தை நீ ஒரு வார்த்தை பேசாமல் திருப்பி அனுப்பினாய். அதை நான் மறக்கவில்லை. சொல்லத்தான் வாய் வரவில்லை.

என் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. நாலு படி ஏறினால் மூச்சு முட்டுகிறது. வேலூரில் ஆபரேஷன். திரும்ப இரண்டு மாதமாகும். அதுவரை ஓட்டல் மூடிக் கிடந்தால் பீங்கான் சூளை ஆட்கள் வேறு இடம் பழகிவிடுவார்கள்.

எனக்குப் பதிலாக ஓட்டலைப் பார்த்துக்கொள்ள உன் பெயருக்குப் பவர் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிட்டேன். இத்துடன் இருக்கிறது. "கூடப்பொறந்த தம்பி இருக்கும்போது இவங்களுக்காம்மா?" என்று பத்திரம் எழுதுகிறவர் கேட்டார். "அவங்களுக்குத்தான். விக்கிற அதிகாரத்தையும் சேர்த்தே எழுதுங்க" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

வருவாயா?

நீலாவதி


விருத்தாசலம்
11-6-1968

அக்காவுக்கு ஆராயி வணக்கம்.

என் இட்லிக் கடையை அண்ணியிடம் விட்டுவிட்டு வந்துவிட்டேன். நான் வந்து சேர்வதற்குள் நீங்கள் வேலூர் கிளம்பிவிட்டீர்கள். பத்திரத்தைப் பத்து தரம் படித்தேன். நான் செய்வதை எல்லாம் நீங்களே செய்ததாக ஒப்புக்கொள்வதாய் எழுதியிருக்கிறது. ஒரு மனுஷி இன்னொரு மனுஷிக்கு இப்படியும் எழுதிக் கொடுப்பாளா என்று உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

நேற்று மதியம் நூறு பேர் வந்து உட்கார்ந்தார்கள். கழுவின பிறகும் அவர்கள் கைரேகையில் வெள்ளை மண் போகவில்லை. கோவிந்தராசு மாஸ்டர், "மொதலாளியம்மா, சாம்பார் பாருங்க" என்று கரண்டியை நீட்டினார். உங்களைத்தான் கூப்பிடுகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

கல்லாவில் உங்கள் நாற்காலியில் உட்காரவில்லை. பக்கத்தில் முக்காலி போட்டுக்கொண்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆராயி


வேலூர்
19-6-1968

ஆராயிக்கு,

நாற்காலியிலேயே உட்கார். முக்காலியில் முதுகு போய்விடும்.

என் நெஞ்சைப் படம் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார்கள். இத்தனை வருஷம் அழுததும் ஆத்திரப்பட்டதும் இந்த நிழலுக்குள்ளேதானா! துடிக்கிற இதயத்தை நிறுத்தாமலே ஒரு சின்ன வழி செய்து, டாக்டர் தன் விரலை உள்ளே விட்டு, சுருங்கினதைத் திறந்துவிடுவாராம். "வெரலையா?" என்று மூன்று தரம் கேட்டுவிட்டேன். "வெரலைத்தாம்மா" என்று சிரித்தார். கர்ப்பகிரகத்துக்குள் குருக்கள் மட்டும்தானே போவார்! அந்த மாதிரி நினைத்துக்கொண்டு கும்பிட்டேன்.

28ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் ஆபரேஷன். தம்பி சாமிதுரைக்கும் எழுதியிருக்கிறேன்.

நீலாவதி


விருத்தாசலம்
27-6-1968

அன்புள்ள அக்காவுக்கு,

இது வந்து சேரும்போது ஆபரேஷன் முடிந்திருக்கும். படிக்க நீங்கள் இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

நேற்று உங்கள் தம்பி இரண்டு பேரை அழைத்து வந்தார். ஓட்டலை வாங்க வந்தவர்களாம். "அக்கா பொழைக்கிறது சந்தேகம். அது செத்துட்டா இந்தப் பவரும் செத்துடும். வெள்ளிக்கெழமைக்கு முன்னாடி கையெழுத்து போட்டுடு. பாதி ஒனக்கு" என்றார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள்.

"அவங்க மூச்சு இருக்கிற வரைக்கும்தான் இது செல்லும்னா, நூறு வருஷம் செல்லட்டுங்க" என்றேன்.

தப்பாக நினைக்காதீர்கள், அவரை வெறும் வயிற்றோடு அனுப்பவில்லை. மூன்று பேரையும் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினேன்.

நாளைக்குக் காலையில் கடையை மாஸ்டர் பார்த்துக்கொள்வார். நான் விருத்தகிரீசுவரர் சன்னதியில் இருப்பேன்.

ஆராயி


வேலூர்
24-7-1968

தங்கச்சி ஆராயிக்கு,

பிழைத்துவிட்டதாக நர்ஸ் எழுதின கார்டு வந்திருக்கும். இப்போதுதான் நானே எழுதுகிறேன். நேற்று மாடிப்படி ஏறச் சொன்னார்கள். இருபத்திரண்டு படி. மூச்சு முட்டவில்லை. காற்று ஒரு மனுஷிக்குள் இவ்வளவு ஆழம் போகுமா! மேலே நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

தம்பி செய்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. நீ செய்ததைத்தான் தாங்க முடியவில்லை. விற்கிற அதிகாரத்தை ஏன் சேர்த்தேன் தெரியுமா? செத்துப்போவேன் என்றுதான் நினைத்தேன். அன்று உன்னிடமிருந்து நான் பறித்ததற்கு ஈடாக நான் போவதற்குள் ஓட்டலை நீயே விற்று எடுத்துக்கொள்ள வேண்டும், அதை நான் கண்ணால் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். நீ எடுக்கவில்லை. உன் முன்னால் எப்படி நிற்பேன் என்று தெரியவில்லை. ஆனாலும் வருகிறேன்.

வெள்ளிக்கிழமை விழுப்புரத்தில் வண்டி மாறி மதியத்துக்கு வந்துவிடுவேன். இப்போதெல்லாம் நன்றாகப் பசிக்கிறது. ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. ஸ்ரீமுஷ்ணம் போய் வந்த நாளெல்லாம் அவர் நான் வைத்த சோற்றைத் தொட மாட்டார். "பசிக்கல" என்பார். அப்படி என்னத்தைத்தான் ஆக்கிப் போடுவாளோ என்று எத்தனை நாள் பொருமியிருக்கிறேன்!

எனக்கும் ஓர் இலை போடு. மாஸ்டர் சமைக்க வேண்டாம். நீ சமை.

உன் அக்கா
நீலாவதி