கல்லில் இல்லாத ஊர்

ரூவி, மஸ்கட்
12.7.2004

அன்புள்ள ஜோதிமணிக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறார்களா? நான் நன்றாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

போன வாரம் படகில் போய், கடலோரத்தில் இருக்கிற வெள்ளைக்காரர் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். அதில் ஒன்று ஒரு பிஷப்புடையது. அவர் கதையை எங்கள் ஃபோர்மேன், நாசரேத்துக்காரர் ஞானராஜ் அண்ணன் சொன்னார்.

"முப்பது வருசம் இந்தியாவுல இருந்தவரு. வயசான காலத்துல பிஷப் வேலைய ராஜினாமா பண்ணிட்டாரு."

வேலையை விட்டு ஒரேயடியாக ஊர் திரும்புவதை இங்கே கேன்சல் என்போம். "அப்ப கேன்சல்ல பொண்டாட்டி பிள்ளைகிட்டல்ல போயிருக்கணும்?" என்றேன்.

"போகலியே. ஒத்தையில ஊழியம் பண்ண இங்க வந்தாரு. நாலு மாசத்துல வெயில் தாங்காம செத்துப்போனாரு."

கொஞ்ச நேரத்தில் எனக்கும் தலை சுற்றி, அந்தக் கல்லறை மேலேயே சாய்ந்துவிட்டேன். தண்ணீர் தெளித்ததும் சரியாகிவிட்டது. பயப்படாதே.

நாரத்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடு. அதோடு ஒரு தாளில், உன் கையால் நம் வீட்டு விலாசத்தைப் பெரிதாக எழுதி வை. சட்டைப் பையிலேயே வைத்திருப்பேன். அந்தக் கல்லில் பெயரும் தேதியும் இருக்கின்றன, ஊர் இல்லை.

டூட்டி வண்டி ஹாரன் அடிக்கிறது.

கார்மேகம்