தோற்றவன் மட்டைக்கு என் சரக்கு

மார்கழி 20, செவ்வாய், இரவு

நான் ஆண்டு முழுக்கப் பின்தொடரும் டென்னிஸ் ஆட்டக்காரன் இன்று எழும்பூரிலும் தோற்றுவிட்டான். கல்கத்தா, டில்லித் தோல்விகளைப் பத்திரிகையில் படித்தேன். இதை, கிடங்கைப் பூட்டிவிட்டுப் போய், கண்ணால் பார்த்தேன். ஐந்து செட்டும் விடாமல் ஆடித்தான் தோற்றான்.

தண்டையார்பேட்டைக்குத் திரும்பினால் கிடங்கு வாசலில் தரகர் காதர் பாய். ஆட்டுக்குடலைத் திரித்து டென்னிஸ் மட்டைக்கு நரம்பு செய்யும் பஞ்சாப் கம்பெனிக்காக என்னிடம் உலர்ந்த குடல் வாங்குபவர் அவர்தான்.

"இன்னா நைனா, உன் ஆளு இன்னிக்கும் தோத்துப் பூட்டானாமே? அவன் மட்டையில கீறது நம்ம சரக்குன்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தே. இனிமே எவன் வாங்குவான்? வெலைய எறக்கு."

"தோத்தது அவன், பாய். அஞ்சு செட்டு அடிச்சானே, ஒரு நரம்பு அறுந்துச்சா?"

"நீ இன்னா, அவனுக்கு மாமனாரா?"

"பொண்ணு இருந்தா இன்னிக்கே கட்டிக் குடுத்திருப்பேன்."

வழக்கம்போல் துண்டுக்கடியில் கை வைத்து, விரலுக்குப் பத்து ரூபாய் என்று விலை பேசினோம். பழைய விலைக்கு மூன்று விரல் பிடிக்க வேண்டியவர் இரண்டைத்தான் பிடித்தார். சுருக்கென்றது. அவன் ஜெயித்திருந்தால் நான்கு பிடித்திருப்பாரா? கையை உருவி, அவருடைய மூன்று விரல்களை நான் இறுக்கிப் பிடித்தேன்.

"வுடு நைனா, நோவுது!"

விடவில்லை. கடைசியில் தலையாட்டினார்.

முடிவான பேச்சு: கட்டுக்கு முப்பது ரூபாய், பழைய விலையே. அதோடு நானாகச் சேர்த்தது: சீசன் முடியும்வரை அவன் மட்டைக்கு முதல் தரக் குடல் என் செலவு. அதைத் திரித்து அவன் கையில் சேர்ப்பது கம்பெனி செலவு.