மௌன மாதத்தில் ஏரி

பனியேரிக் காவல் நிலையம், சோல்தா பள்ளத்தாக்கு
28 ஜனவரி 2061, 23:40

கீழ்ப்பாலம் நிலையத்தில் இதைப் படிப்பவருக்கு: இவ்வளவு நேரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். வழக்கமான பதிவுதான். ஏரி மட்டம் மாறவில்லை. வெளியே மைனஸ் பதினாறு. ரேடியோ பனியில் செத்துக் கிடக்கிறது. இந்தக் குறிப்பு செயற்கைக்கோள் வழியாக வரும்.

ஊரில் மௌன மாதம். தெய்வம் மேலுலகம் போயிருக்கும் நாட்கள், மணிகூட அடிக்க மாட்டார்கள். போன வெள்ளத்துக்கே, சாலை போட வெடி வைத்து அந்த மௌனத்தைக் கலைத்ததுதான் காரணம் என்கிறார்கள். அதனால்தான் உங்கள் சைரனை அணைத்துவிட்டு, எல்லோர் கையிலும் அதிர்வுப் பட்டை கட்டினோம். ஆள் இருக்கும் இடமும் உடல் சூடும் செயற்கைக்கோள் வழியாக என் திரையில் தெரியும். என் யோசனை. என் மகள் துளிர்மதிக்கும் ஒன்று. நாலு வயது, ஊரில் அவளைப் பார்த்துக்கொள்ளும் புஷ்பா தீதி வீட்டில் இருக்கிறாள்.

போன வாரம் கோயில் பொறுப்பாளர் தேபிராம் ரேடியோவில் கிசுகிசுத்தார்: "மேடம்ஜி, உங்க பட்டை ராத்திரியில வண்டு மாதிரி ரீங்காரம் போடுது. சாமி பாதியில திரும்பி வந்துடும்."

"அப்போ சாமிகிட்டயே குடுத்து வைங்க ஜி" என்று சிரித்தேன்.

29 ஜனவரி, 00:52

ஏரிக்கரையில் விரிசல். பட்டைகளுக்கு எச்சரிக்கை அனுப்பிவிட்டேன். உடைந்தால் தண்ணீர் ஊரைத் தொட நாற்பது நிமிடம். மேட்டுக் கோயிலுக்கு ஏற இருபது போதும்.

01:03

திரையில் எல்லாப் புள்ளிகளும் கோயிலில். துளிரும்தான். இவ்வளவு சீக்கிரமா? அழுதுவிட்டேன்.

01:09

ஒரு புள்ளிகூட அசையவில்லை. குழந்தைகள் இப்படி நிற்குமா? பழைய பதிவுகளைத் திருப்பிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து அங்கேயேதான். உடல் சூடு எல்லாவற்றிலும் ஒன்றுதான், மூன்று டிகிரி. நான் தினமும் பார்த்தது, பட்டை வேலை செய்கிறது என்று காட்டும் பச்சை விளக்கை மட்டும்.

பட்டைகளைக் கழற்றிவிட்டார்கள். கம்பளியில் சுற்றி, சத்தம் வராமல், சன்னதியில். நான் சொன்ன மாதிரியே.

01:14

கரை போய்விட்டது. இங்கே தரை ஆடுகிறது. இறங்கும் பாதை இல்லை.

சைரன் விசை உங்கள் மேசையில் இருக்கிறது. போடுங்கள். மௌனம் கலைந்தால் கலையட்டும், பழி என்னோடு. புஷ்பா தீதி வீடு ஆற்றோரம், நீலக் கதவு. துளிர் சத்தத்துக்கு எழ மாட்டாள். தூக்கிக்கொண்டு ஓடச் சொல்லுங்கள்.

01:31

இங்கே சைரன் கேட்கவில்லை. காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது, அதனால் இருக்கலாம்.

திரையில் எல்லோரும் கோயிலில் பத்திரமாக இருக்கிறார்கள்.

போட்டீர்களா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.